தளபதி ஷவலின் மன்னிப்புக் கடிதங்கள்

பெம்ரிட்ஜ், மானிடோபா
பிப்ரவரி 3, திங்கள்

மதிப்புக்குரிய லிகாயா சுமுலாங் அவர்களுக்கு,

பள்ளியிலிருந்து மூன்று வாரம் இடைநீக்கம் செய்யப்பட்ட ஆர்லோ ஃபங்க் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க ஆசைதான். ஆனால் நீ நலமாக இல்லை, அதற்குக் காரணமே நான்தான் என்று துணை முதல்வர் பசராபா சொல்லிவிட்டார்.

ஒப்பந்தம் உனக்கும் தெரியும். நான் உனக்குக் கையால் கடிதம் எழுத வேண்டும். விருப்பமிருந்தால் நீ பதில் போடலாம். எல்லாவற்றையும் பசராபா படித்துவிட்டு முத்திரை குத்துவார் (வணக்கம் சார்). ஆங்கில வகுப்பில் மிஸ் கோத்தியே கொடுத்தாரே, 'அரசியல் தீவிரவாதமும் இணைய வெறுப்பும் பற்றிப் பேச நாற்பது சொற்கள்' என்று ஒரு பட்டியல், அதிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று சொல்லாவது வர வேண்டும். இதோ, முதலிலேயே முடித்துவிடுகிறேன்.

தீவிரவாதம்: தீவிரமாக வாதம் செய்வது. மிதவாதி: தண்ணீரில் மிதப்பவர். வெறுப்புப் பேச்சு: வெறும் பேச்சுதான், கொஞ்சம் உப்பு சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்த விதி, நடந்ததை ஒப்புக்கொள்வது. ஒப்புக்கொள்கிறேன். டிசம்பரில் பொழுது போகாமல் இணையத்தில் 'தெற்குப்பக்க விடுதலை முன்னணி' என்று ஒரு பக்கம் தொடங்கினேன். தண்டவாளத்துக்குத் தெற்கே இருக்கும் நாங்கள் வடக்கிலிருந்து பிரிந்து தனி நாடாகப் போகிறோம் என்று அறிவித்தேன். எங்கள் தலைவர், பனி அள்ளும் மண்வெட்டியின் பெயர் கொண்ட தளபதி ஷவல். அதாவது நான். தளபதியின் படத்துக்கு எங்கள் பல் மருத்துவரின் விளம்பரத்திலிருந்து கம்பீரமான தாடை ஒன்றை வெட்டி ஒட்டினேன். முதல் பன்னிரண்டு உறுப்பினர்களும் நானே. எனக்குள்ளேயே கொள்கைத் தகராறு வந்து, என்னை நானே இரண்டு முறை கட்சியை விட்டு நீக்கினேன். பதின்மூன்றாவது ஆளாக எதிர்வீட்டு வெர்னா டேவ்ஸ் அம்மாள் சேர்ந்தார். பதினான்காவது ஆள் என் அம்மா. காலையில் தளபதிக்கு முட்டை பொரித்துப் போட்டது தான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

ஜனவரியில் பனி கொட்டியது. நகராட்சியின் பனிவாரி வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போனால், ஒதுக்கிய பனி வீட்டு வாசலில் காரை மறித்துக்கொண்டு வரப்பாக நிற்கும் அல்லவா? அதைப் பற்றியும், வண்டி ஓட்டும் உன் அப்பாவைப் பற்றியும் ஒரு கிண்டல் எழுதினேன். கிண்டல் என்றால் விடாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கையை எடுத்தேன், அடிப்பிடித்துவிட்டது. இப்போது உறுப்பினர்கள் அறுநூற்று நாற்பது பேர். உன் அப்பாவை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி மனு ஒன்று சுற்றுகிறது. 18ஆம் தேதி நகர மன்றத்தில் வாக்கெடுப்பு.

வருந்துகிறேன் (இதைக் கட்டாயம் எழுத வேண்டும்).

இப்படிக்கு,
ஆர்லோ ஃபங்க்

*

பிப்ரவரி 5, புதன்

ஆர்லோவுக்கு,

பதில் எழுதும் எண்ணமே இல்லை. ஆனால் தப்பான விடையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

தீவிரவாதம் என்பது தன் கொள்கைதான் பெரிது, எதிரே நிற்கிறவன் மனிதனே இல்லை என்று நினைக்கத் தொடங்குவது. மிதவாதி, அந்தக் கூட்டத்தில் முதலில் உதை வாங்குகிறவர். வெறுப்புப் பேச்சு, ஒருவர் செய்த காரியத்துக்காக இல்லாமல் அவர் பிறந்த இடத்துக்காக அவரை ஏசுவது. உதாரணம் வேண்டுமா? உன் பக்கத்தில் ஜனவரி 22 அன்று வெர்னா டேவ்ஸ் எழுதியது: "வாழைப்பழம் காய்க்கிற ஊர்ல பொறந்தவனுக்குப் பனியைப் பத்தி என்ன தெரியும்? வந்த வழியே அனுப்புங்க." எண்பத்தேழு பேர் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. உனக்கு இருப்பதே அது ஒன்றுதான். அந்தப் பட்டியல் தேர்வில் நான் நாற்பதுக்கு முப்பத்தெட்டு, நீ பதினொன்று.

வருந்துகிறேன் என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் அடைப்புக்குறி போடுகிறவன் வருந்தவில்லை.

பக்கத்தை மூடு.

லிகாயா

*

பிப்ரவரி 7, வெள்ளி

லிகாயாவுக்கு,

மூடப் போனேன். கதையைக் கேள்.

எங்கள் வீட்டில் இணையம் இப்போது கராஜில், உறைபெட்டிக்குள், மான்கறிக்கு அடியில் இருக்கிறது. அம்மா இணைய இணைப்புக் கருவியைப் பிடுங்கி அங்கே வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால் பசராபாவிடம் கெஞ்சி, பள்ளி அலுவலகக் கணினியில் பத்து நிமிடம் வாங்கினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் ஆப்பிள் கடித்துக்கொண்டு நின்றார். நான் தட்டினேன்: "தோழர்களே, இது எல்லாமே விளையாட்டு. முன்னணியைக் கலைக்கிறேன். மனுவைத் திரும்பப் பெறுங்கள். இப்படிக்கு, தளபதி ஷவல்."

அரை நிமிடம்தான் போயிருக்கும். அப்புறம் வந்தது பார், மழை.

"தளபதியோட கணக்கை வடக்குக்காரன் திருடிட்டான்!"

"நம்ம தளபதி இப்படிப் பேச மாட்டாரு. அவருக்கு முதுகெலும்பு உண்டு."

"எவ்வளவு வாங்கினே?"

நான்தான் உண்மையான தளபதி என்று எழுதினேன். "உண்மையான தளபதி 'உண்மையான' தளபதின்னு சொல்லிக்க மாட்டாரு" என்று பதில் வந்தது. யார் எழுதியது தெரியுமா? எங்கள் பல் மருத்துவர். தன் தாடையையே தலைவராக ஏற்றுக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை.

டிசம்பரில் சோம்பேறித்தனத்தில் ஒரு காரியம் செய்திருந்தேன். பக்கத்தை நிர்வகிக்கும் உரிமையை வெர்னா அம்மாளுக்கும் கொடுத்திருந்தேன், அவர் பிழையில்லாமல் தட்டுவார் என்பதால். அவர் வாக்கெடுப்பு நடத்தினார். முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நாலு என்ற கணக்கில் என்னை வெளியேற்றிவிட்டார்கள். அந்த நாலும் நான்தான். காரணம்: நான் மிதவாதியாம். நீ சொன்னது சரி, முதல் உதை எனக்குத்தான்.

இப்போது தளபதி வெர்னா. பசராபா ஆப்பிளை முடித்துவிட்டு, "பத்து நிமிஷம் ஆச்சுப்பா" என்றார்.

மூன்று சொல்: எதிரொலி அறை (ஒருவர் கத்தியதையே எல்லோரும் திருப்பிக் கத்தும் இடம்), சதிக் கோட்பாடு (உண்மையைச் சொல்கிறவன்தான் சதிகாரன்), மிதவாதி. இந்த முறை பொருளைப் பார்த்துவிட்டு எழுதினேன்.

அடைப்புக்குறி இல்லாமல் வருந்துகிறேன்.

ஆர்லோ

*

பிப்ரவரி 10, திங்கள்

ஆர்லோ,

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். தாடைப் பகுதியில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக உன்மேல் இன்னும் கோபம்.

நீ இரண்டு கடிதத்திலும் ஒரு விஷயத்தைத் தாண்டிக் குதித்துப் போகிறாய். "உன் அப்பாவைப் பற்றி ஒரு கிண்டல்" என்கிறாய். என்ன கிண்டல் என்று எழுதவில்லை. நான் எழுதட்டுமா?

"அந்த ஆளுக்குப் பனியும் வயலும் ஒண்ணு. வெள்ளையா எதைப் பார்த்தாலும் நாத்து நடப் போறாங்கன்னு நினைச்சு வரப்புப் போட்டுட்டுப் போறாரு."

இது உன் ஜோக் இல்லை. நவம்பரில், வேதியியல் ஆய்வகத்தில், குடுவை சூடாகக் காத்திருந்தபோது நான் உன்னிடம் சொன்னது. என் அப்பா முதல் நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்து எங்களிடம் சொன்னது: "பத்து மணி நேரம் வரப்புப் போட்டேன், நாத்துதான் வரல." அம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நீயும் சிரித்தாய். நீ நன்றாகச் சிரிக்கிறவன் என்றுதான் உன்னிடம் சொன்னேன்.

அதே வார்த்தைதான். எங்கள் சமையலறையில் அது அப்பாவுடையது. உன் பக்கத்தில் அப்பாவுக்கு எதிரானது. இதற்குப் பட்டியலில் சொல் இருக்கிறதா என்று நாற்பதையும் பார்த்தேன். இல்லை.

போன வாரம் எவனோ எங்கள் வீட்டைப் படம் பிடித்து, வாசல் எண்ணோடு பக்கத்தில் போட்டிருக்கிறான். இதற்குச் சொல் இருக்கிறது, பதினேழாவது: அந்தரங்கத்தை அம்பலப்படுத்துதல். தம்பி இப்போது முன்வாசல் வழியாகப் பள்ளிக்குப் போவதில்லை. வேலை போனால் வின்னிபெக்கில் அத்தை வீட்டு நிலவறைக்குப் போய்விடுவோம் என்று அம்மா பெட்டிகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அப்பா மட்டும், "நான் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதானே போடறேன், என்ன தப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

லிகாயா

*

பிப்ரவரி 12, புதன்

லிகாயாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றுமே வேடிக்கையாக இருந்தன. அதனால்தான் கிழித்தேன்.

ஆமாம். அது உன்னுடையது. எடுத்தேன். அதை எழுதியதும் ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் சிரித்தார்கள். நாற்பது பேர் சிரிக்கும்போது யாருடைய ஜோக் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

உன் அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எனக்கு இணையம் இல்லை, பள்ளி இல்லை, இருப்பது கால்களும் ஒரு ஹாக்கி மட்டையும்தான். மட்டையில் பேனாவால் அளவுக் கோடு போட்டுக்கொண்டு நேற்றும் இன்றும் பகல் முழுக்க ஊரைச் சுற்றினேன். அறுபத்தொரு வீட்டு வாசலில் பனிவரப்பை அளந்தேன். தெற்கில் முப்பத்திரண்டு, வடக்கில் இருபத்தொன்பது. எல்லாமே முழங்காலுக்கு நாலு விரல் கீழே. மேயர் வீட்டிலும் அதே. மேயர் மனைவி கதவைத் திறந்து, "என்னப்பா பண்றே?" என்றார். "ஆராய்ச்சி" என்றேன். "எங்க வீட்ல மட்டும்தான் இவ்வளவு ஜாஸ்தி, பாத்தியா?" என்றார்.

அறுபத்தொரு வீட்டில் கேட்டுவிட்டேன். ஐம்பத்துமூன்று பேர் சொன்னது இதே வாக்கியம். எங்க வீட்ல மட்டும்தான்.

ஏன் என்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உன் அப்பாவுக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய லாயிட் இருந்தாரே, அவருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் ஒரு முழம் பண்ணை சாசேஜ் ரகசியமாகக் கொடுப்போமாம். எங்கள் வாசல் வந்ததும் லாயிட் வண்டியின் முன்னால் இருக்கும் பனித்தகட்டைச் சாய்த்து, பனியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாராம். "நாங்க மட்டும்தான் குடுத்தோம். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றாள்.

மட்டையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். லிகாயா, ஊரே கொடுத்திருக்கிறது! ஒவ்வொரு வீடும் தான் மட்டும்தான் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு! லாயிட் சைவத்துக்கு மாறாமல் இருந்ததே அதிசயம். போன கிறிஸ்துமஸில் உன் அப்பாவுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, மறுநாள் ஆளுக்கு ஒரு டப்பா உங்கள் ஊர் பன்சிட் நூடுல்ஸ் பதிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எப்போதும்போல வரப்பும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாசேஜுக்கு அர்த்தம் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெர்னா அம்மாள், "நூடுல்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது ஒரு எச்சரிக்கைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது" என்கிறார்.

உன் அப்பாவின் குற்றம், எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியது. இதில் மூன்று சொல் எங்கே என்று பசராபா கேட்கக் கூடாது.

ஆர்லோ

*

பிப்ரவரி 14, வெள்ளி

ஆர்லோ,

சாசேஜ் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவங்க வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு, "சொல்லியிருந்தாலும் தகட்டைத் தூக்கியிருக்க மாட்டேன்" என்றார்.

உன் அளவுகளை மேயருக்கு எழுதிப் போடு. ஆனால் அளந்து காட்டினால் மாறிவிடுவார்கள் என்று நினைக்காதே. முப்பத்தோராவது சொல்லைப் பார்: ஆதாரம் வந்த பிறகும் பிடிவாதம் கூடுவது.

நான் வேறொன்று செய்யப் போகிறேன். நூலகத்தில் உட்கார்ந்து, உன் பக்கத்தில் என் அப்பாவைப் பற்றி வந்த நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் அச்செடுத்துவிட்டேன். பதிவுக்கு ஒரு தாள். செவ்வாய்க்கிழமை நகர மன்றக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பேசப் போவதில்லை. அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பெயர் பெயராகக் கூப்பிடுவேன். எழுதியவர் வந்து, எழுதியதை அவர் முகத்தைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கட்டும். அவ்வளவுதான்.

முதல் தாள் தளபதி ஷவலுடையது.

நீ யார் என்று பள்ளிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. பசராபா சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைக் கூப்பிடுவேன். யாரும் எழுந்திருக்காவிட்டால் அடுத்த தாளுக்குப் போய்விடுவேன்.

லிகாயா

*

பிப்ரவரி 17, திங்கள்

லிகாயா,

இன்று விடுமுறை, அதனால் இதை உங்கள் தபால்பெட்டியிலேயே போடுகிறேன். பசராபா முத்திரை இல்லை. பட்டியல் சொல்லும் இல்லை.

எனக்கு நாளைக்குக் காய்ச்சல் வரும்போல இருக்கிறது. தொண்டையும் கரகரப்பு. ஹாக்கி பயிற்சியும் இருக்கிறது, இடைநீக்கத்தில் அதுவும் ரத்து என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவின் முடிதிருத்தகத்துக்கு வருவது பாதிக்குமேல் முன்னணி உறுப்பினர்கள். நான் எழுந்து நின்றால் அவளிடம் யார் முடி வெட்டிக்கொள்வார்கள்? அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் ஏதோ ஒரு பதிவு போட்டேன் என்றுதான் அவளுக்குத் தெரியும். தளபதியே நான்தான் என்று தெரியாது.

கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தைப் படித்துப் பார்த்தேன். எட்டு விநாடிதான் ஆகிறது. எட்டு விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

ஆர்லோ

*

பிப்ரவரி 19, புதன்

லிகாயா,

நான் படித்து முடித்ததும் நீ தாள்களை அப்படியே மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

நகர மன்றம் கூடிய கர்லிங் விளையாட்டு அரங்கத்து மாடியில் முந்நூறு பேருக்கு மேல். முதலில் யாருமே நம்பவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "போடா, தளபதிக்கு நாப்பது வயசாவது இருக்கும். அவர் எழுத்துல ஒரு அனுபவம் தெரியும்" என்றார். (இது எனக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே இலக்கிய விமர்சனம். அனுபவிக்க முடியவில்லை.) "பையனை வடக்குக்காரங்க செட் பண்ணியிருக்காங்க" என்றார் இன்னொருவர். அப்போது என் அம்மா எழுந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள். "இப்படி ஒரு வேலையைப் பண்ண இந்த ஊர்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு. தளபதியைப் பெத்தவ நான் சொல்றேன், இவன்தான்."

அடுத்த நிமிடம் அவள் மேசைக்கு நடந்து போய், தாள்களைப் புரட்டி, தன்னுடையதை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டில் அவளுடையதும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா முன்னால் நின்று படித்தாள். "மூணு நாளா காரை எடுக்க முடியல. இந்த ஆளுக்கு நம்ம ஊரும் புரியல, நம்ம பேச்சும் புரியல. மாத்துங்க." படித்துவிட்டு, "நீங்க ரெண்டு தடவை என் கடைக்கு முடிவெட்ட வந்திருக்கீங்க, நாம நல்லாத்தான் பேசிக்கிட்டோம். எழுதும்போது ஏன் அப்படி எழுதினேன்னு தெரியல" என்றாள். உன் அப்பா எழுந்து நின்று தலையாட்டினார்.

வெர்னா அம்மாளும் வந்தார். தாளை எடுத்து "வாழைப்பழம்" வரைக்கும் படித்தார். "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி அவர் மூக்கின்மேலேயே இருந்தது. இன்னும் இரண்டு பேர் படித்தார்கள். மற்றவர்கள் கைபேசியில் எழுதியதை அவசரமாக அழித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் தலைகுனிந்து நான் தேவாலயத்துக்கு வெளியே பார்த்ததில்லை.

வாக்கு நாலுக்கு மூன்று. உன் அப்பா வேலையில் இருக்கிறார். நாலுக்கு மூன்றுதான், லிகாயா. மூன்று பேர் அதற்கப்புறமும் கையைத் தூக்கினார்கள். பக்கமும் இன்னும் இருக்கிறது, இருநூற்றுச் சொச்சம் பேரோடு. அதில் இப்போது நான் வடக்கின் கைக்கூலி. அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டைச் சத்தமாக வைக்கிறாள். இன்று கடைக்கு இரண்டே பேர்தான் வந்தார்களாம்.

ஒன்று கேட்க வேண்டும். நான் படித்தபோது அந்த அரங்கத்தில் யாருமே சிரிக்கவில்லை, உன் அப்பாவைத் தவிர. சத்தமாக, வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்துத்தான் நீ எழுந்து போனாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏன் சிரித்தார்?

ஆர்லோ

*

பிப்ரவரி 20, வியாழன்

ஆர்லோ,

நானும் அதைத்தான் கேட்டேன். வண்டியில் வைத்தே கேட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள். "அத்தனை பேர் முன்னாடி, அந்த வார்த்தைக்கு, நீங்களே சிரிக்கிறீங்களாப்பா? நான் ராப்பகலா உக்காந்து அச்செடுத்தது இதுக்கா?"

தன் ஜோக் என்பதால் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். அல்லது, இங்கே வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சிரித்துவைக்கிறாரே, அந்தப் பழக்கமாக இருக்கும் என்று. அதை நினைத்துத்தான் அவ்வளவு கோபம்.

அவர் வண்டியைக் கிளப்பவே இல்லை. கண்ணாடியில் படிந்த பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ பின்னால நின்னுட்டிருந்தே, உனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்தப் பையன் கையில தாள் எப்படி ஆடிச்சு தெரியுமா? முந்நூறு பேரு, ஒரு சத்தம் இல்ல. ஜோக் சொல்றவனை அப்படித் தனியா விட்டுடக் கூடாதும்மா. யாராவது ஒருத்தர் சிரிக்கணும்."

வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். அம்மா பெட்டிகளை இன்னும் மடிக்கவில்லை. ஒரு வாரம் போகட்டும் என்கிறாள்.

ஆர்லோ, நான் என் அப்பா அளவுக்கு நல்லவள் இல்லை. நான் சிரிக்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன், அது பொய். ஆனால் நீ எழுந்து நின்றாய். எழுந்திருக்க மாட்டாய் என்று நினைத்து இரண்டாவது தாளைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை நீ பள்ளிக்கு வருகிறாய். வேதியியல் ஆய்வகத்தில் மூன்று வாரமாக ட்ரெவர் ஃபிரைசனோடு உட்கார்ந்திருக்கிறேன், அவன் என் புருவத்தைப் பாதி எரித்துவிட்டான். உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். நானாகப் பேச மாட்டேன், நீதான் முதலில் பேச வேண்டும்.

அன்றைக்கு மட்டும் வேடிக்கையாக எதுவும் சொல்லாதே.

லிகாயா